பயணிகளின் கனிவான கவனத்திற்கு

எங்கள் ஊரில், பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்லும் மைக்கக்காவின் முகம் தெரிந்தவர்கள் மிகவும் குறைவு. குரல் தெரியாதவர்கள் யாருமே இல்லை. கடைத்தெருவில் அவள் பக்கத்தில் நின்று காய்க்குப் பேரம் பேசுகிறவர்களுக்கு, நேற்று இவள் சொல்லித்தான் நாம் சரியான வண்டியில் ஏறினோம் என்பது தெரியாது. அவளும் சொல்லிக்கொள்ள மாட்டாள். வெளியில் பேசும்போது அவள் குரலே வேறு. பாதியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு மீதியைத்தான் வெளியே விடுவாள்.

பேருந்து நிலையத்தில் சீட்டு கொடுக்கும் ஜன்னல் என்னுடையது. எனக்குப் பின்னால் ஒரு பிளைவுட் தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் அவள் அறை. அறை என்றால் ஒரு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு மைக், வண்டிகள் நிற்கும் மேடைகளைப் பார்க்க ஒரு கண்ணாடி ஜன்னல். முதுகோடு முதுகாக இத்தனை வருஷம் உட்கார்ந்ததில், அவள் மூச்சு விடுவதைக் கேட்டே வண்டி லேட் என்று நான் சொல்லிவிடுவேன்.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா இருந்தவரை அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். அம்மாவுக்குப் பிறகு பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. தம்பி ஒருவன் எங்கோ தூரதேசத்தில் இருக்கிறான். எப்போதாவது போன் செய்தால், "சத்தமாப் பேசுக்கா, ஒண்ணும் கேக்கல" என்பானாம். ஊருக்கே கேட்கிற குரல் தம்பிக்கு மட்டும் கேட்கவில்லை. இதை அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். எனக்குச் சிரிப்பு வராது.

வேலையில் அவளுக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. யாரும் போட்டுக் கொடுத்தவை அல்ல, அவளாக வைத்துக்கொண்டவை. எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். முதல் தடவை காதுக்கு, இரண்டாவது தடவை காலுக்கு என்பாள். இன்னொன்று, வண்டி நிற்கும் மேடை மாறிவிட்டால், புது மேடையைச் சொல்வதற்கு முன்னால் பழையதை ரத்து செய்ய வேண்டும். "முன்னர் அறிவித்தது தவறு, வருந்துகிறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் புது மேடைக்கே போவாள். நிலையத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் ஒப்பந்தக்காரருக்கு இது பிடிக்காது.

"எதுக்கும்மா சும்மா சும்மா வருந்துறீங்க? நிலையத்துக்குத்தானே கெட்ட பேரு?"

"பழசை அழிக்காம புதுசைச் சொன்னா பாதிப் பேர் அங்க ஓடுவாங்க, பாதிப் பேர் இங்க ஓடுவாங்க. நடுவுல புள்ளையத் தொலைச்சுட்டு நிப்பாங்க. நீங்க வந்து தேடிக் குடுப்பீங்களா?"

அவர் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ரொட்டிக்காரி என்று நாங்கள் கூப்பிட்ட பெண், பக்கத்திலேயே இருக்கும் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். அவளைப் போல நிறையப் பேர் வந்திருந்தார்கள். மரம் அறுக்க, கட்டடம் கட்ட, ஆஸ்பத்திரி கழுவ, யாரும் செய்யாத வேலை எது என்று பார்த்துச் செய்ய வந்தவர்கள். இவளுக்குப் பேக்கரியில் மாவு பிசைகிற வேலை. விடிவதற்கு முன் போய் மத்தியானம் முடித்துவிட்டு நேராக நிலையத்துக்கு வந்துவிடுவாள். அவள் அறையில் மின்விசிறி கிடையாது, நிலையத்தில் உண்டு. ஒலிபெருக்கிக்குக் கீழே இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்து, அக்கா சொல்வதையெல்லாம் உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்ப்பாள். நம் பாஷையை அவள் கற்றுக்கொண்டது அப்படித்தான். வேறு வாத்தியார் கிடையாது.

அக்கா குடியிருந்தது ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்கம், ஒற்றை அறைகளாக வரிசையாக இருக்கும் இடத்தில். பக்கத்து அறைக்கு இவள் குடி வந்த அன்று அக்காவின் கதவைத் தட்டி, "கனிவான கவனத்திற்கு. தங்களிடம் தீப்பெட்டி உள்ளதா?" என்று கேட்டாளாம். அக்கா சிரித்த சிரிப்பில் தீப்பெட்டி கைதவறி விழுந்து குச்சியெல்லாம் சிதறிவிட்டது. இரண்டு பேருமாகத் தரையில் உட்கார்ந்து பொறுக்கியிருக்கிறார்கள். குரல் யாருடையது என்று அப்போதுதான் ரொட்டிக்காரிக்குப் புரிந்ததாம். பொறுக்கிய குச்சிகளைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்தாளாம்.

அதற்குப் பிறகு தினமும் எனக்கு ஒரு செய்தி கிடைக்கும். "இன்னைக்கு என்ன சொன்னா தெரியுமா? 'அக்கா, தங்கள் பால் புறப்படத் தயார் நிலையில் உள்ளது'ங்கறா. ஓடிப் போய்ப் பார்த்தா அடுப்புல பொங்கி வழியுது!" இதைச் சொல்லும்போது தடுப்புக்குப் பின்னால் அவள் நாற்காலி ஆடும் சத்தம் கேட்கும். அந்தச் சிரிப்பு மைக்கில் ஒருநாளும் வந்ததில்லை.

விடியற்காலையில் பேக்கரிக்குக் கிளம்பும்போது ரொட்டிக்காரி நடுச்சுவரில் இரண்டு தட்டு தட்டுவாள். அக்காவும் படுத்தபடியே இரண்டு தட்டு தட்டுவாள்.

"எதுக்குக்கா தூக்கத்தைக் கெடுத்துக்கறீங்க?" என்று கேட்டேன்.

"எனக்குன்னு ஒருத்தி போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போறா. தூக்கம் என்னடி பெரிய தூக்கம்."

இப்படி இருக்கும்போதுதான் தேர்தல் வந்தது.

மண் கட்சி என்று ஒன்று எங்கள் ஊரில் ரொம்ப நாளாக உண்டு. அதற்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. எந்தத் தேர்தலிலும் ஜெயிக்காத கட்சி என்பதால் அதை முழுசாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இருந்ததில்லை. எங்கள் ஊரில் அதன் செயலாளரும் இந்தத் தேர்தலில் வேட்பாளரும் ஒரு மரக்கடைக்காரர். பெரிய அறுவை மில்லும் வைத்திருந்தார். மில்லில் வேலை செய்தவர்கள் முக்கால்வாசி அந்தப் பக்கத்து ஆட்கள். மேடையில் ஏறினால் அந்தப் பக்கத்து ஆட்களால்தான் நம் பிள்ளைகளுக்கு வேலை இல்லை என்று முழங்குவார். இறங்கினால் அவர்களிடமே போய், சீக்கிரம் ஏற்றுங்கப்பா லோடு என்பார். இரண்டையும் அவர் மனசாரத்தான் செய்தார். எனக்கு அதுதான் அதிசயம்.

ஒருநாள் அவர் அக்காவின் அறைக்கே வந்துவிட்டார். தடுப்புக்கு இந்தப் பக்கம் என் காது இருந்தது.

"உங்க குரல்ல சொன்னா ஜனங்க நம்புவாங்கம்மா. இந்த ஊர்ல பொய் சொல்லாத குரல் அது ஒண்ணுதான்."

அக்காவின் நாற்காலி நகர்ந்தது, எழுந்து நின்றிருக்கிறாள். அவள் அறைக்கு வருகிறவர்கள் எல்லாம் வண்டி ஏன் லேட் என்று சண்டை போடத்தான் வருவார்கள். குரலைப் பாராட்ட ஒருவர் படியேறி வந்தது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு பாராட்டுக்கு அவள் மயங்கிவிட்டாள் என்று எனக்குக் கோபம் வந்தது. அத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூடப் பாராட்டியதில்லை என்பது அப்போது தோன்றவில்லை.

எழுதிக் கொடுத்த தாளில் சாலை, தண்ணீர், வேலை என்று வழக்கமான வரிகள். நடுவில் ஒரு வரி: "நம் மண் நமக்கே. வெளியிலிருந்து வந்தவர்கள் தங்கள் ஊர் திரும்பும் நேரம் வந்துவிட்டது."

"அக்கா, பக்கத்து ரூம்ல ஆள் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்" என்றேன்.

"அவளுக்கு என்னடி? இது எலெக்‌ஷன் பேச்சு. எல்லாக் கட்சியும்தான் நிலாவைப் புடிச்சுத் தரேங்குது. எவன் தந்தான்?"

பதிவு செய்த குரலை வேனில் வைத்துத் தெருத்தெருவாக ஓட்டினார்கள். வண்டி நேரம் சொல்கிற அதே நிதானம், அதே கனிவு. கத்துகிறவர்களைக் கேட்டுப் பழகிய ஜனங்களுக்கு அது புதுசாக இருந்திருக்கும். மண் கட்சி ஜெயித்துவிட்டது. மரக்கடைக்காரராலேயே நம்ப முடியவில்லை. வெற்றி ஊர்வலத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். வேடிக்கைக்கு ஏலம் கேட்டவன் தலையில் சாமான் விழுந்த மாதிரி இருந்தது.

சட்டம் எதுவும் வரவில்லை. உத்தரவு எதுவும் வரவில்லை. ஆனால் எல்லை வண்டிக்கு என் ஜன்னலில் கூட்டம் சேர ஆரம்பித்தது. மூட்டையும் பாத்திரமுமாக வந்து, போக மட்டும் ஒரு சீட்டு என்று கேட்டார்கள். திரும்பி வருவதற்குச் சேர்த்து வாங்கினால் கொஞ்சம் குறையும் என்று நான் பழக்கத்தில் சொல்வேன். யாரும் வாங்கவில்லை.

ஒரு மத்தியானம் அந்த வரிசையில் ரொட்டிக்காரி நின்றாள். "அக்காகிட்ட சொன்னியா?" என்றேன். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். அடுத்த நிமிஷம் தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல் கேட்டது. வெளியில் பேசுகிற பாதிக் குரல் இல்லை, முழுக் குரல்.

"யாரு உன்னைப் போகச் சொன்னது?"

"அக்கா சொன்னது."

"அடி பைத்தியமே, அது எலெக்‌ஷனுக்குச் சொன்னது. எழுதிக் குடுத்தாங்க, படிச்சேன். உன்னையா சொன்னேன்? உன்னைப் போய் நான் சொல்லுவேனா?"

ரொட்டிக்காரி கொஞ்சநேரம் வார்த்தை தேடினாள். அவளிடம் இருந்ததெல்லாம் அக்கா கொடுத்த வார்த்தைகள்தான். "அக்கா சொன்ன வண்டி எல்லாம் வந்தது. வராத வண்டி அக்கா சொன்னது இல்லை. அக்கா நேரம் வந்துவிட்டது என்று சொன்னது. நான் புறப்படுகிறது."

கோபமாகச் சொல்லியிருந்தால் அக்கா சமாளித்திருப்பாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. மேடை எண்ணைக் கேட்டுக்கொண்டு நடக்கிற பயணியைப் போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"இரு. போகாதே. நான் சொல்றேன், இரு."

"வண்டி நாலாவது மேடை" என்றாள் ரொட்டிக்காரி. மேஜையில் எதையோ வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு போய்விட்டாள். வைத்தது காகிதத்தில் சுற்றிய ஒரு ரொட்டி என்று அப்புறம் பார்த்தேன்.

எல்லை வண்டி புறப்படும் நேரம் வந்தது. அக்கா அறிவிக்காமல் விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அறிவித்தாள். மற்றவர்களும் ஏற வேண்டுமே. முதல் தடவை சரியாகச் சொன்னாள், இரண்டாவது தடவை நடுவில் ஒரு இடத்தில் மூச்சு நின்று, பிறகு தொடர்ந்தது. நான் எழுந்து எட்டிப் பார்த்தேன். ரொட்டிக்காரி மூட்டையோடு ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று, அதை அண்ணாந்து பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவை முடிந்ததும் போய் ஏறிவிட்டாள். கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை.

அதற்கப்புறம் விடியற்காலையில் சுவரைத் தட்ட ஆள் இல்லை. அக்கா அந்த நேரத்துக்குத் தானாக விழித்துக்கொள்கிறாள் என்பது அவள் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. "தட்டிப் பார்த்தேன்டி" என்றாள் ஒருநாள். "காலி ரூம்ல சத்தம் நல்லாக் கேக்குது."

ஊரிலும் ஒவ்வொன்றாகக் காலியானது. பேக்கரி அலமாரியில் பழைய பிஸ்கட் மட்டும் இருந்தது. பாதி கட்டிய கட்டடங்களில் சாரம் மட்டும் நின்றது. ஆஸ்பத்திரித் தரையைப் பற்றிச் சொல்லாமல் இருப்பது நல்லது. மரக்கடைக்காரரின் மில்லில் வாள் ஓடவில்லை. நம் பிள்ளைகளைக் கூப்பிட்டார். இரண்டு நாள் வந்தார்கள். தூசிக்கு முகமூடி கேட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டார்கள், மூன்றாம் நாள் காணோம். நியாயமாகக் கேட்டதற்கு அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! இந்த அழகில், சிலரையாவது திரும்பக் கூப்பிடலாமே என்று அவர் கட்சிக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்ல, மறுநாள் காலையில் அவர் கடைக் கதவிலேயே துரோகி என்று எழுதியிருந்தது. எழுதியவர்கள் அவர் வளர்த்த இளைஞர் அணிதான்.

பாவம், முன்னால் போனால் கடிக்கும், பின்னால் போனால் உதைக்கும் என்ற நிலைமை. மறுபடியும் அக்காவிடம் வந்தார். இந்தத் தடவை பாராட்டு எதுவும் இல்லை. தாளை நீட்டினார். "உழைக்க விரும்புவோர் உரிய அனுமதியுடன் வரலாம். இந்த மண் உழைப்பை மதிக்கும்."

அக்கா வாங்கிப் படித்தாள். வாய்க்குள் மறுபடி மறுபடி படித்துப் பார்க்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அதில் இருந்தது ஆசை. ரொட்டிக்காரி வருவாள் என்கிற ஆசை.

"ஒரு வரி சேக்கணும்" என்றாள்.

"என்ன வரி?"

"முன்னர் அறிவித்தது தவறு. வருந்துகிறோம்."

"நல்ல கதையா இருக்கே! அந்த வரியிலதாம்மா ஜெயிச்சோம். அது தப்புன்னா நான் ஜெயிச்சதே தப்புன்னு ஆயிடாது? கதவுல எழுதினவன் அடுத்து என் முதுகுல எழுதுவான். எனக்கு ஆளு வேணும், மன்னிப்பெல்லாம் வேணாம்."

"பழசை அழிக்காம புதுசைச் சொன்னா..."

"இது பஸ் இல்லம்மா. அரசியல்."

வேறு எந்த நாளாக இருந்தாலும் அக்கா தாளைத் திருப்பிக் கொடுத்திருப்பாள். ஒப்பந்தக்காரரின் வாயையே அடைத்தவள். அன்று கொடுக்கவில்லை. முடியாது என்று சொல்லி, அவர் வேறு யாரையாவது படிக்க வைத்தால், அந்தக் குரலை ரொட்டிக்காரி நம்ப மாட்டாளே என்று பயந்துவிட்டாள். அந்த வரி இல்லாமலே படித்தாள். தேன் மாதிரி படித்தாள். அப்படி ஒரு கனிவை நான் கேட்டதே இல்லை.

அதே வேன், அதே ஒலிபெருக்கி. எல்லையோரம் கொண்டுபோய் நிறுத்தி, வாயை மட்டும் அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தார்கள்.

எல்லை வண்டி சாயங்காலம் திரும்பி வரும். ஒவ்வொரு நாளும் அது நாலாவது மேடைக்கு வரும்போது அக்கா நாற்காலியை விட்டு எழுந்து, கண்ணாடியோடு ஒட்டி நிற்பாள். புதுசாக ஒரு சேலை எடுத்து நிலையத்துக்கே கட்டிக்கொண்டு வந்தாள். பேக்கரி முதலாளியிடம் போய், அவள் வந்தால் வேலை இருக்கிறதா என்று கேட்டுவைத்தாள். சிலர் வந்தார்கள், ரொம்பவும் முடியாதவர்கள், கடனும் பசியும் துரத்தியவர்கள். வந்தவர்கள் யார் முகத்தையும் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். ரொட்டிக்காரி வரவில்லை.

கடைசியில் எல்லை வண்டி நடத்துனரிடம் அக்காவே சொல்லியனுப்பினாள். அவர் நல்ல மனுஷர். அந்தப் பக்கத்து நிறுத்தத்தில் விசாரித்து, தேடிப் பிடித்துவிட்டு வந்தார். அக்காவின் அறைக் கதவில் சாய்ந்து நின்று சொன்னார்.

"பார்த்தேங்க்கா. நிறுத்தத்துக்குப் பக்கத்துலயே ஒரு ஓட்டல்ல பாத்திரம் கழுவுது. வேன்ல உங்க குரல் கேட்டுச்சாம். தினம் வேலை முடிச்சுட்டு வந்து நின்னு கேக்குமாம்."

"அப்புறம் ஏன் வரல?"

நடத்துனர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "எனக்கு அது சரியாப் புரியலக்கா. 'முன்னர் அறிவித்தது தவறுன்னு அக்கா சொல்லவில்லை. அக்கா மறக்க மாட்டாங்க. அப்போ பழைய அறிவிப்பு அப்படியே உள்ளது'ன்னு சொல்லுது. உங்களுக்குப் புரியுதா?"

வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று அவர் போய்விட்டார்.

நான் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போனேன். மேஜையில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். "அவளுக்கு நான்தானேடி சொல்லிக் குடுத்தேன்" என்றாள். "நான் சொல்லிக் குடுத்ததை அவ மறக்கல. நான்தான்..." முடிக்கவில்லை. என் ஜன்னலில் யாரோ சில்லறையால் தட்டிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம், நிலையத்தில் நல்ல கூட்டம். எல்லை வண்டி நாலாவது மேடையில் நின்றது. மைக் திறக்கும் கிளிக் சத்தம் கேட்டது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தேர்தல் நேரத்தில், வெளியிலிருந்து வந்தவர்கள் ஊர் திரும்பும் நேரம் வந்துவிட்டது என்று என் குரலில் அறிவிக்கப்பட்டது. முன்னர் அறிவித்தது தவறு. வருந்துகிறேன்."

எழுதிக் கொடுத்த யாருக்காகவும் இல்லை, நிலையத்துக்காகவும் இல்லை. வருந்துகிறோம் என்று சொல்லவில்லை, வருந்துகிறேன் என்றாள். போச்சு, ஒப்பந்தக்காரர் ஓடி வருவார், இளைஞர் அணி கல்லோடு வரும், இவள் வேலை இன்றோடு முடிந்தது என்று நினைத்தேன். அதற்குள் இரண்டாவது தடவையும் சொல்லிவிட்டாள், நிதானமாக, ஒரு எழுத்து பிசகாமல்.

ஒன்றும் நடக்கவில்லை. யாரும் ஓடி வரவில்லை. யாரும் தலை தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. பழம் உரித்துக்கொண்டிருந்தவர்கள் பழம் உரித்தார்கள், தூங்கிக்கொண்டிருந்தவர்கள் தூங்கினார்கள். என் ஜன்னலில் நின்ற ஒரு பெரியவர் மட்டும் குனிந்து கேட்டார்.

"என்னம்மா சொன்னாங்க? நம்ம வண்டி லேட்டா?"

"இல்லைங்க. உங்க வண்டி இல்ல."

"அப்பாடா" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா கேட்டாள், அந்தப் பாதிக் குரலில்.

"யாராவது கேட்டாங்களாடி?"

"நான் கேட்டேங்க்கா" என்றேன். "முழுசாக் கேட்டேன். ரெண்டு தடவையும்."

"நீ இந்த ஊர்தானே" என்றாள்.

பிறகு மைக்கைத் திறந்து, எல்லை வண்டி நாலாவது மேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது என்று இரண்டு தடவை சொன்னாள்.